வாசலில் நின்ற வெருளி

கதவு மணி அடித்தபோது என் கணவர் அருள் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாள். ஆறு மணிக்கே வெளியே நல்ல இருட்டு. நான் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பில் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தேன்.

“நீ படு, நான் திறக்கிறன்” என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. யார் என்ற கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. எழுந்து எட்டிப் பார்த்தேன்.

வாசலில் ஒரு சின்ன உருவம். தலையில் உருளைக்கிழங்குச் சாக்கு, கழுத்தடியில் கயிற்றால் கட்டியிருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. கையில் ஒரு வாளி. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பிள்ளைகள், வாலும் கோரைப் பல்லும் கூர்த் தொப்பியுமாக. சாக்குப் பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தது. மூச்சுக்கு ஏற்றமாதிரிச் சாக்குத் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

அருள் கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார், ஆனால் மறுபக்கத்தில் யாரோ தள்ளுவதுபோல உடம்பைக் கொடுத்து. பூட்டைத் திருகினார். நாங்கள் ஒருநாளும் போடாத சங்கிலியையும் போட்டார். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய் விளக்குகளை அணைத்தார்.

எங்கள் மகள் எலிசாவுக்கு அப்போது எட்டு வயது. இருட்டுக்குள் நின்றபடி சொன்னாள்: “அப்பா, அது ஈடா. அவளின்ரை சப்பாத்து எனக்குத் தெரியும்.”

ஈடா அவளுடைய வகுப்புத் தோழி. எங்கள் மாடிக்கு இரண்டு மாடி கீழே இருப்பவள். அருள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது ஒரே ஒரு வசனம் சொன்னார். “எங்கடை வீட்டிலை இந்தப் பிசாசு வேலையள் வேண்டாம். நாங்கள் வேதக்காரர்.”

நான் அதை நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

பிசாசுகளும் பயணச்சீட்டும்

நான் பஸ் சாரதியான கதையை இந்தத் தொடரில் எழுதிய பிறகு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “கத்தோலிக்கக் குடும்பம் என்கிறீர்கள். ஒஸ்லோவில் ஹலோவீன் வந்தால் என்ன செய்வீர்கள்?” அவருக்கும் இதே தலையிடி வீட்டில் இருக்கிறது போலும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாய் இனிப்புக் கேட்கிற அந்த ஹலோவீன் நாளில் பஸ் ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். சூனியக்காரிகள் வரிசையில் நின்று, பயணச்சீட்டைப் போனில் காட்டிவிட்டு ஏறுவார்கள். ஒருமுறை ஒரு எலும்புக்கூடு பிள்ளைவண்டியோடு ஏறியது. வண்டிக்குள் பூசணிக்காய்த் தொப்பியோடு ஒரு கைக்குழந்தை நித்திரை. வாயோரம் இரத்தம் வடிய வந்த ஒரு இளைஞன், நோர்வேக்காரர் எல்லோரும் சொல்வதுபோல, பயணத்துக்கு நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் இதெல்லாம் இவ்வளவுக்கு இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடை வாசல்களில் செம்மஞ்சள் பூசணிகள் வந்து குந்தின. முதல் வருடம் நான் அதில் ஒன்றை வாங்கி வந்து கறி வைத்தேன். வெறும் தண்ணீர். தேங்காய்ப்பால் விட்டும் சரிவரவில்லை. விளக்கு வெட்டுகிற பூசணி வேறு, கறிப் பூசணி வேறு என்று அன்றுதான் தெரிந்தது.

தமிழ்ப் பூசை முடிந்து கோப்பியும் வாஃப்லும் சாப்பிடுகிற மண்டபத்தில் ஒக்டோபர் பிறந்தாலே இந்தக் கதை தொடங்கிவிடும். ஒரு பக்கம் ஸ்டெல்லா அக்கா. ரொம்சோஸில் இருப்பவர், செபக்கூட்டம் நடத்துபவர், யாருக்கு வருத்தம் என்றாலும் முதலில் சூப்போடு போய் நிற்பவர்.

“ஜெசி, அது சாத்தானுக்குக் கதவு திறந்துவிடுற நாள். பிள்ளையைக் கவனமாய்ப் பார்” என்பார்.

மறுபக்கம் நாகர்கோவிலில் இருந்து வந்த சுகந்தி. “அக்கா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சாக்லேட் வாங்கத்தானே போறாங்க. எங்க பொண்ணு போன வருஷம் தேனீயா போனா. தேனீயில என்னக்கா சாத்தான் இருக்கு?”

ஸ்டெல்லா அக்கா தேனீக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

கடைசியில் இருவரும் சேர்ந்து பூசை வைக்கிற சுவாமியிடம் போனார்கள். சுவாமி வாஃப்லை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: “பிள்ளையள் இனிப்பு வாங்கிறதாலை திருச்சபை விழாது. ஆனால் அடுத்த நாள் சகல புனிதர் திருநாள். அண்டைக்கு ஆர் பூசைக்கு வருகினம் எண்டு நான் பாப்பன்.” இருவரும் தாங்கள்தான் வென்றதாக நினைத்துக்கொண்டு வந்தார்கள்.

சிரட்டைக்குள் மெழுகுதிரி

என்னைக் கேட்டால், எனக்குச் செத்தவர்களில் பயம் இல்லை. அதற்குக் காரணம் எங்கள் தீவுப்பகுதியில் ஆத்துமாக்கள் திருநாள் நடக்கிற விதம்.

நவம்பர் இரண்டாம் திகதி ஊர் முழுவதும் சேமக்காலையில்தான் நிற்கும். கல்லறைகளில் புல்லுப் பிடுங்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். மாரி மழை எந்த நேரமும் விழப் பார்க்கும். காற்றில் மெழுகுதிரி அணையாமல் இருக்கச் சிரட்டைக்குள் வைத்து ஏற்றுவோம். சுவாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வர, சிறுவர்கள் நாங்கள் உருகின மெழுகை உருட்டிப் பந்து செய்துகொண்டு, கச்சான் கொறித்துக்கொண்டு, பெரியப்பாவின் கல்லறைமேல் ஏறி இருப்போம். யாரும் ஏசமாட்டார்கள். அங்கே கிடந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

ஆகவே எலும்புக்கூடு வேடத்தில் ஒரு பிள்ளை வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் குடும்பம் என்று வந்தால் ஒருவருக்குப் பிடிக்காததை மற்றவர் இழுத்துக்கொண்டு வருவதில்லை. அருள் மன்னார்ப் பக்கம். கடற்கரைக் கிராமம், இறுக்கமான பக்தி. அவர் பிசாசு என்று சொன்னால் அவருடைய வளர்ப்பு அப்படி என்று விட்டுவிட்டேன்.

பிள்ளை விடவில்லை. அப்பா சொன்ன வசனத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

சனிக்கிழமை வந்த மாரித்

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். ஈடாவின் தாய் மாரித் வந்து மணி அடித்தார். நோர்வேக்காரர் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு வருவது மிகவும் குறைவு. பார்த்த உடனேயே இது சும்மா வந்த வரவு இல்லை என்று விளங்கிவிட்டது.

குசினி மேசையில் இருத்தினேன். அருள் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லமொன்றில் சமையல்காரர் அவர். சனிக்கிழமை வீட்டுச் சமையலையும் விட்டுத்தர மாட்டார்.

மாரித் நோர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஈடா, ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று எலிசாவைக் கேட்டிருக்கிறாள். அதற்கு எலிசா, “நீங்கள் பிசாசைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பா சொன்னார்” என்றிருக்கிறாள். ஈடா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அதிலிருந்து இருவரும் வகுப்பில் ஒரே வாங்கில் சேர்ந்து இருப்பதில்லை.

“எனக்குக் கோபம் இல்லை” என்றார் மாரித். “உங்கள் சமயத்துக்கு ஏதாவது அவமரியாதை செய்துவிட்டோமா என்று கேட்கத்தான் வந்தேன். அது பிசாசு வேடமும் இல்லை. வயலில் நிற்குமே, காக்கை விரட்டுகிற பொம்மை. நானே தைத்தேன்.”

சொல்லிக்கொண்டே பைக்குள்ளிருந்து அந்தச் சாக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். வெருளி. ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பு நூலால் அழகாகத் தைத்திருந்தார். வாய் இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் தைத்திருந்தது. அன்று இருட்டில் அது தெரியவில்லை.

கத்தி நின்றது. அருள் திரும்பிப் பார்த்தார். மேசைமேல் கிடந்த சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை” என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். “நீங்களும் செய்யவில்லை. தயவுசெய்து அதைப் பைக்குள் வையுங்கள்.”

மாரித் உடனே எடுத்து வைத்தார். போகும்போது என் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார்.

சாக்குக்குள் இருந்த கண்

அருளுக்கு ஒரு அண்ணன் இருந்தார், பெயர் யூட். அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. கலியாணம் பேசும்போதே இது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்களில் இந்த ஒரு வசனம் போதும். அதற்கு மேலே யாரும் கேட்பதில்லை. எத்தனையோ வீடுகளில் இதே வசனம் இருந்தது.

அன்று அவர் மீன் கையைக் கழுவாமலே கதிரையில் இருந்து மிச்சத்தைச் சொன்னார்.

“விடியக் காலமை ஆமிக்காரர் ஊரைச் சுத்திவளைச்சவங்கள். ஆம்பிளையள் எல்லாரையும் கோயில் வளவுக்குள்ளை கொண்டுவந்து வெயிலிலை இருத்தினவங்கள். எனக்குப் பதினாலு வயசு. அண்ணைக்குப் பக்கத்திலை இருந்தனான்.”

“ஒவ்வொருத்தராய் ஒரு ஜீப்புக்கு முன்னாலை நடக்கவேணும். ஜீப்புக்குள்ளை ஒருத்தன். தலையிலை சாக்கு. ரெண்டு ஓட்டை.”

அவர் சொல்லாமலே எனக்கு விளங்கியது. தலையாட்டி. எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆமி கொண்டுவந்து இருத்துகிற, முகம் மூடிய ஆள். ஊர்க்காரன்தான். பயத்திலோ, அடியிலோ, ஆசையிலோ அங்கே வந்து இருப்பான். அவன் தலையை ஆட்டினால் முன்னால் நிற்பவனை லொறியில் ஏற்றிவிடுவார்கள்.

“அண்ணை எனக்கு முன்னாலை போனவர். சாக்கு அசைஞ்சது. அவ்வளவுதான். அண்ணையை என்னைத் திரும்பிப் பாக்கக்கூட விடேல்லை. அடுத்தது நான்.”

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் இறுக்கிவிட்டு வந்தேன்.

“கிட்டப் போய் நிண்டனான். ஓட்டைக்குள்ளாலை கண் தெரிஞ்சது. என்னைத் தெரிஞ்ச கண், ஜெசி. ஆரெண்டு எனக்குப் பிடிபடேல்லை, ஆனால் அவனுக்கு என்னை வடிவாய்த் தெரியும். ரெண்டு தரம் கண்ணை வெட்டினவன். சாக்கு மூச்சுக்கு உள்ளை போய் வெளியிலை வந்தது. தலை அசையேல்லை. போ எண்டு விட்டிட்டாங்கள்.”

அதற்குப் பிறகு ஊரிலிருந்த காலம் முழுவதும் பூசையில், சந்தையில், கடற்கரையில் ஒவ்வொருவருடைய கண்ணையும் பார்த்துக்கொண்டு திரிந்தாராம். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். அவர்களில் ஒருவன் அவன். நோர்வேக்கு வந்தபோது பெரிய ஆறுதல் என்ன தெரியுமா என்று கேட்டார். இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது.

“அண்டைக்குக் கதவைத் திறந்த உடனை எனக்கு ஈடாவைத் தெரியேல்லை. சாக்கு மூச்சு விட்டது. உள்ளை இருந்து என்னைத் தெரிஞ்ச கண் ரெண்டு பாத்தது.”

“அப்ப ஏன் பிசாசு எண்டு சொன்னனீங்கள்?”

“வேறை என்ன சொல்லுறது? எட்டு வயசுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஏலுமே? பிசாசு எண்டால் ஒருத்தரும் திருப்பிக் கேளாயினம்.”

நான் கொஞ்சம் யோசித்தேன். அதிகம் யோசிக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவள், முடிவெடுக்க நிறைய நேரம் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

“உங்களுக்கு ஏலாது எண்டால் அதுவே போதும். வாழ்நாள் முழுக்க அண்டைக்குக் கதவு திறக்கவேண்டாம். நான் ஒரு சொல்லும் சொல்லன். ஆனால் அதுக்குக் கடவுளைச் சாட்டவேண்டாம். எலிசா அதை நம்பிப் போய் ஒரு பிள்ளையை அழவைச்சிட்டு வந்து நிக்கிறாள்.”

அவர் எழுந்துபோய் மிச்ச மீனையும் வெட்டி முடித்தார். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு எலிசாவின் அறைக் கதவைத் தட்டினார்.

எலிசாவும் ஈடாவும்

என்ன சொன்னார் என்று நான் ஒட்டுக்கேட்கவில்லை. எலிசாதான் பிறகு சொன்னாள். “அப்பாக்கு ஒரு அண்ணா இருந்தவராம். அவரை, முகத்தை மூடிக்கொண்டு ஒரு ஆள் காட்டிக் குடுத்ததாம். அதாலைதான் அப்பா பயந்தவராம். ஈடாவிலை பிழை இல்லையாம்.”

எட்டு வயதுக்கு அது போதுமானதாக இருந்தது. லொறியையும் வெயிலையும் அவர் சொல்லவில்லை. அவளுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது வேறு: “அந்த ஆளை ஏன் அப்பா, ஆரும் சாக்கைக் கழட்டிப் பாக்கேல்லை?”

“சுத்திவர ஆமி துவக்கோடை நிண்டது, அம்மா” என்று மகளுக்குச் சொன்னாராம்.

அன்று பின்னேரமே தகப்பனும் மகளும் ஈடா வீட்டுக்குப் போனார்கள். ஈடா தாயின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாளாம். எலிசா மன்னிப்புக் கேட்டாள். அருள் தன் பங்குக்கு, “அவள் சொன்னது நான் சொல்லிக்கொடுத்தது. அது உண்மை இல்லை” என்றார்.

ஈடா கேட்டாள்: “உங்களுக்கு வெருளி என்றால் பயமா?”

“ஓம், கொஞ்சம்.”

“எனக்கு நாய் பயம்” என்றாள் ஈடா. “சின்ன நாயும் பயம்.”

அதோடு அந்த விசயம் அவர்களுக்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை இருவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள்.

முகத்தைக் காட்டுகிற வீடு

அடுத்த வருடம் ஒக்டோபர் வந்தபோது நாங்கள் மூவரும் மேசையில் இருந்து பேசினோம். எலிசாவுக்குப் போக விருப்பம். முகமூடி வேண்டாம் என்று அவளே சொன்னாள். ஸ்டெல்லா அக்கா புனிதர்களுடைய உடுப்புத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டிருந்தார்.

“புனிதர் போய் வீடு வீடாய் இனிப்புக் கேக்கிறது வடிவில்லை, அம்மா” என்றாள் எலிசா. “நான் பஸ் சாரதியாய்ப் போறன்.”

என்னுடைய வேலை ஜக்கெட் அவளுக்கு முழங்கால் வரை வந்தது. கைகளை மடித்து ஊசி குத்திவிட்டேன். அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பின்னால் தள்ளி நில்லுங்கள் என்று பயணிகளை அதட்டிப் பழகினாள். நான் அப்படி அதட்டுவதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அருள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் வீட்டு வாசலை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். “லைட்டை அணைச்சுப்போட்டு நாங்கள் ரெண்டு பேரும் எங்கையாவது போய் வருவம்” என்றேன்.

“வேண்டாம்” என்றார் அருள். “நான் நிக்கிறன். ஆனால் என்ரை வாசலுக்கு என்ரை சட்டம்.”

ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் நோர்வேஜிய மொழியில் எழுதிக் கதவில் ஒட்டினார்: இங்கே இனிப்பு உண்டு. முதலில் முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்ல வேண்டும்.

முதல் மணி அடித்தது. அருள் கைபிடியில் கையை வைத்தார். திறக்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே பிள்ளைகள் கடதாசியை எழுத்துக் கூட்டி வாசிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் தரம் மணி அடித்தது.

திறந்தார்.

ஒரு ஓநாய் நின்றது. அது இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்து இழுத்துக் கழற்றியது. உள்ளே வியர்த்துச் சிவந்த முகம், நெற்றியில் ஒட்டின மயிர். “செல்மா. நாலாம் மாடி” என்றது.

“நான் அருள். ஏழாம் மாடி” என்று சொல்லி இனிப்புப் பெட்டியை நீட்டினார். செல்மா எது பெரிது என்று பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளுக்கு இது ஒரு புது விளையாட்டாகிவிட்டது. ஏழாம் மாடியில் ஒரு வீடு, அங்கே முகத்தைக் காட்டவேண்டும் என்ற கதை எங்கள் கட்டடம் முழுவதும் பரவி, பக்கத்துக் கட்டடத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். சோமாலியப் பிள்ளைகள், பாகிஸ்தான் பிள்ளைகள், நோர்வேப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். ஒவ்வொருவரும் முகமூடியைத் தூக்கி, பெயரைச் சொல்லி, சிலர் தம்பி தங்கையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். இனிப்பு முடிந்துவிட்டது. டின்னில் இருந்த பயித்தம் பணியாரத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சூனியக்காரி அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டாள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது முழுக்கதை இல்லை. நடுவில் ஒரு நெடுவல் பொடியன் வந்தான். வெறும் வெள்ளை முகமூடி. கழற்ற மறுத்தான். ஒன்றும் பேசாமல் அப்படியே நின்றான், பயப்படுத்தத்தான்.

“இந்த வாசலில் இது நடக்காது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சப்பாத்துப் போடும் வாங்கில் போய் இருந்துகொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்து முடிக்கும்போது மணி மறுபடி அடித்தது.

அவர் எழுந்து போய்த் திறந்தார். இரண்டு குட்டி வண்ணத்துப்பூச்சிகள்.

ஸ்டெல்லா அக்காவின் கேள்வி

கதை ரொம்சோஸுக்கும் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கே வந்தார். “என்ன அருள், நீங்களும் சேந்திட்டியளே?” என்று கேட்டார்.

அருள் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, குரல் தடுமாறாமல். ஸ்டெல்லா அக்கா கேட்டு முடித்துக் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அவருடைய வீட்டிலும் அந்த ஒற்றை வசனம் இருக்கிறது. அவருக்கு அது தம்பி.

கடைசியில் கேட்டார்: “அந்தச் சாக்குக்காரனை மன்னிச்சிட்டியளே?”

“அது இன்னும் வரேல்லை, அக்கா” என்றார் அருள். “வந்தால் சொல்லுறன்.”

ஸ்டெல்லா அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஹலோவீனைப் பற்றி மண்டபத்தில் யார் கதை எடுத்தாலும், “அவையை விடுங்கோ” என்று அவரே வாயை அடைத்துவிடுவார்.

ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் செத்தவர்களின் பெயர்களை வாசிக்கிறபோது யூட் அண்ணரின் பெயர் இன்றுவரை வருவதில்லை. ஊரில் தாய் காத்துக்கொண்டிருக்கிறார். தாய் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பெயரைக் கொடுக்கமாட்டேன் என்கிறார் அருள். பெயர் சொல்லாமல் ஒரு மெழுகுதிரி மட்டும் ஏற்றுவோம்.

இந்த வருடம்

கேள்வி கேட்ட வாசகிக்கு என் பதில் இதுதான். நாங்கள் ஹலோவீன் கொண்டாடுகிறோமா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அன்று பின்னேரம் வேலை இல்லாதபடி பார்த்துக்கொள்கிறேன், பயித்தம் பணியாரம் முதலே சுட்டு வைக்கிறேன். அடுத்த நாள் பூசைக்குப் போகிறோம். உங்கள் வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் வேண்டாம் என்பதை மட்டும் பிள்ளைக்கு உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

எலிசா வளர்ந்துவிட்டாள். இனி இனிப்புக்குப் போகிற வயது இல்லையாம். “இந்த முறை நான் கதவு திறக்கிறன், அப்பா. நீங்கள் இருங்கோ” என்றாள்.

“அப்ப நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார் அருள். குரலில் உண்மையான கவலை. அவள் சிரித்துக்கொண்டு குசினிக்கு வந்துவிட்டாள்.

அதற்குச் சில நாட்களின் பின், ஒரு பின்னேரம் நானும் அருளும் நகரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு ரி-பானா ரயிலில் வந்து எங்கள் வெஸ்ட்லியில் இறங்கினோம். கடைசி நிலையம். முதல் பனி விழத் தொடங்கியிருந்தது, காற்றும் கூட. வெளியே வரும் வழியில் ஒரு உயரமான பிள்ளை எங்களுக்கு எதிரே வந்தாள். ஜக்கெட்டின் தலைமூடி கண்வரை இறங்கியிருந்தது. கழுத்துத்துணி மூக்குக்கு மேலே ஏறியிருந்தது. கண் மட்டும் தெரிந்தது.

எங்களைக் கண்டதும் நின்றாள். யாரும் கேட்கவில்லை. தலைமூடியைப் பின்னால் தள்ளினாள், கழுத்துத்துணியைக் கீழே இழுத்தாள். பனி நேரே அவளுடைய முகத்தில் விழுந்தது.

“செல்மா. நாலாம் மாடி” என்றாள்.

“தெரியும், பிள்ளை” என்றார் அருள். “மூடு, குளிருது.”